பெரியவர்களுக்குப் பல் கிளிப்: வலி, வாய்ப்புண், குத்தும் கம்பி, மஞ்சள் கறை (பெங்களூரு)

அல்சூர்வாசி

கிளிப் போட்டதும் கிளினிக்ல கையில குடுக்கிற தாள் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களை மனசுல வெச்சு எழுதினது. பென்சிலைக் கடிக்காதே, மிட்டாய் தின்னாதேன்னு இருக்கும். முப்பத்தஞ்சு, நாப்பது வயசுல போடுறவங்க கஷ்டம் வேற. பத்து மணிக்கு மீட்டிங், மத்தியானம் கேன்டீன் சாம்பார் சாதம், பல்லிடுக்குல கீரையோட வாஷ்ரூம் வாசல்ல நிக்கிறது, ராத்திரி கன்னத்துல கம்பி குத்துறப்போ கிளினிக் பூட்டியிருக்கிறது.

இந்த மாசக் கடைசியில எனக்கு மேல், கீழ் ரெண்டு வரிசையும் போடப் போறாங்க. மெட்டலா செராமிக்கான்னு நான்தான் முடிவு சொல்லணும். விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேக்கிறது இவ்வளவுதான்: டைட் பண்ணின பிறகு வலி எத்தனை நாள், அதுக்கு என்ன செய்யலாம்? கம்பி குத்தினா வீட்டுல எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? ஆபீஸ்ல எப்படிச் சுத்தம் பண்றது? நம்ம மஞ்சள்தூளுக்கு செராமிக் தாங்குமா? "போகப் போகப் பழகிடும்"ங்கிற பதில் நிறையக் கேட்டாச்சு. அளவும் முறையும் சொல்லுங்க.

பல்சீர்மருத்துவர்

வலியில் தொடங்குகிறேன். பல் எலும்புக்குள் நேரடியாக ஊன்றி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய தசைநார்ச் சவ்வு இருக்கிறது; தடிமன் சுமார் 0.2 மி.மீ. கம்பி பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கம் இந்தச் சவ்வு நசுங்குகிறது, அங்கே எலும்பு கரைகிறது. மறுபக்கம் இழுபடுகிறது, அங்கே புது எலும்பு சேர்கிறது. இந்த வேலை தொடங்குவதற்கு அழற்சி தேவை. உங்களுக்கு வலிப்பது அந்த அழற்சிதான். கம்பி மாற்றிய சில மணி நேரத்தில் ஆரம்பித்து, மறுநாள் உச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு நாளில் இறங்கி, ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஏழு நாள் தாண்டியும் ஒரே பல் மட்டும் துடித்து வலித்தால் அது டைட் பண்ணிய வலி அல்ல. அந்தப் பல்லை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

மாத்திரை: பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி. அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒன்று, பிறகு தேவைப்பட்டால் ஆறு மணி நேர இடைவெளியில், முதல் இரண்டு நாள். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தினமும் குடிப்பவர்களும் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். இபுப்ரோஃபென் வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம், அது தடுக்கும் ப்ராஸ்டகிளாண்டின் என்ற பொருள்தான் எலும்பு கரைவதற்கும் உதவுகிறது. ஒன்றிரண்டு மாத்திரையால் சிகிச்சை நின்றுவிடாது. மூட்டுவலிக்காகத் தினமும் அதைப் போடுபவர்கள் கட்டாயம் எங்களிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை. முதல் சில மாதம் போடும் கம்பி நிக்கல் டைட்டேனியம், பெரும்பாலும் 0.012, 0.014, 0.016 அங்குலம். இந்த உலோகம் வெப்பத்துக்கு ஏற்பக் குணம் மாறும். குளிர்ந்தால் தளரும், சூடானால் விறைக்கும். அதனால் கம்பி மாற்றிய அன்று சில்லென்ற தண்ணீரையோ மோரையோ வாயில் சிறிது நேரம் வைத்திருந்தால் உண்மையிலேயே விசை குறையும். கொதிக்கக் கொதிக்கக் காபி குடித்தால் அந்த நேரத்துக்குப் பல் சுள்ளென்று இழுப்பதும் அதனால்தான். அந்த இரண்டு நாள் காபியை ஆற்றிக் குடியுங்கள். ஐஸ்கட்டியைக் கடிக்க மட்டும் கூடாது.

கம்பிக்காரன்

கம்பி குத்துறதுல மூணு வகை இருக்கு. எதுன்னு தெரியாம வாக்ஸை (கம்பி மேல ஒட்டுற மெழுகை) அப்பிக்கிட்டே இருந்தா புண்ணுதான் பெருசாகும். செல்போன் டார்ச்சை அடிச்சு, கண்ணாடி முன்னாடி நின்னு, கன்னத்தை ஸ்பூன் காம்பால விலக்கிப் பாருங்க.

முதல் வகை, கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னாடி நுனி நீட்டிக்கிட்டு வர்றது. ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா வரும். பல்லு நேராக நேராக, கோணல்ல வளைஞ்சு கிடந்த கம்பி நிமிர்ந்து, மிச்ச நீளம் பின்னாடி வழியுது. இது சிகிச்சை நடக்குதுங்கிறதுக்கு அடையாளம். கிளினிக்ல வெட்டுற துண்டைத் தானே பிடிச்சுக்கிற கட்டர் இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை. போன் பண்ணி "பின்னாடி ஒயர் குத்துது, வெட்டணும்"னு சொன்னா அப்பாயின்ட்மென்ட் இல்லாமலே நடுவுல கூப்பிடுவாங்க.

ரெண்டாவது, ஒரு பக்கம் மட்டும் நீளமா குத்தும், மறுபக்கம் கம்பி, கடைவாய்ப்பல்லுல ஒட்டியிருக்கிற குழாயை விட்டே வெளியில வந்திருக்கும். உருண்டைக் கம்பி வழுக்கி ஒரு பக்கமா ஓடியிருக்கு. நீளமான பக்கத்தை மட்டும் பார்த்து வெட்டினீங்கன்னா கம்பியே வீணாப் போயிடும். சின்ன இடுக்கியைக் கழுவி, நடுப்பல் பக்கத்துல கம்பியைப் பிடிச்சு, மெதுவா எதிர்ப்பக்கம் தள்ளினா பல சமயம் குழாய்க்குள்ள திரும்பப் போயிடும். போகலைன்னா வலுக்கட்டாயம் வேண்டாம்.

மூணாவது, பிராக்கெட்டை (கம்பியைப் பிடிக்கப் பல்லு மேல ஒட்டுற சின்னக் கட்டையை) சுத்திக் கட்டுற மெல்லிய ஸ்டீல் கட்டுக்கம்பியோட முறுக்கின வால். இது வெளியில திரும்பினா உதட்டைக் கிழிக்கும். பென்சில் ரப்பர் முனையையோ நனைச்ச காது பஞ்சுக் குச்சியையோ வெச்சு, பெரிய கம்பிக்கு அடியில உள்பக்கமா மடிச்சு விடுங்க. அவ்வளவுதான்.

வாக்ஸ் நிக்கவே மாட்டேங்குதுன்னு சொல்றவங்க ஈரத்து மேல ஒட்டுறாங்க. சரியான முறை இது: கையைக் கழுவுங்க, பாதி நிலக்கடலை அளவு கிள்ளி பத்து விநாடி உருட்டிச் சூடாக்குங்க, டிஷ்யூவால அந்தப் பிராக்கெட்டையும் அதைத் தொடுற கன்னத்தையும் ஒத்தி உலர்த்துங்க, உருண்டையை நேரா அமுக்கி, கம்பிக்கு மேலயும் கீழயும் விரலால தடவி விடுங்க. சாப்பிடுறதுக்கும் பல் தேய்க்கிறதுக்கும் முன்னாடி எடுத்துடணும். முழுங்கிட்டா ஒண்ணும் ஆகாது. மீட்டிங்ல ரொம்பப் பேசுறவங்களுக்கு சிலிக்கான் பட்டை இன்னும் நேரம் நிக்கும், விலை கொஞ்சம் கூட.

கிளினிக் திறக்க ரெண்டு நாள் ஆகும், வாக்ஸும் நிக்கலைன்னா, நகவெட்டியால வெட்டலாம். வெட்டுற முனையை ஸ்பிரிட்டால துடைச்சு, நுனிக்குப் பின்னாடி காஸ் துணியை வெச்சு, தலையை முன்னாடி குனிஞ்சுக்கிட்டு வெட்டுங்க. மல்லாந்து படுத்துக்கிட்டு வெட்டக் கூடாது, துண்டு தொண்டைக்குள்ள போயிடும்.

பல்சீர்மருத்துவர்

கம்பிக்காரன் சொன்ன கடைசிப் பத்தியில் ஒரு எல்லை போட வேண்டும். ஆரம்ப மாத உருண்டைக் கம்பிக்கு மட்டும்தான் நகவெட்டி. பின்னால் போடும் செவ்வக ஸ்டீல் கம்பி, உதாரணமாக 19க்கு 25 (அங்குலத்தில் 0.019க்கு 0.025), நகவெட்டிக்கு அசையாது. நெம்பினால் கடைவாய்ப்பல் குழாய் கழன்று வரும். எந்தக் கம்பி போட்டிருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டு போனில் குறித்து வையுங்கள். வளர்ந்தவருக்குத் தன் வாயில் இருப்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும், எந்த மருத்துவரும் சொல்ல மறுக்க மாட்டார்.

தூரிகை

பல் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறேன். அல்சூர்வாசி கேட்ட ஆபீஸ் கேள்விக்கு என் பதில் கொஞ்சம் நீளம்.

மூணு வேளையும் பத்து நிமிஷம் தேய்க்கணும்னு யாராவது சொன்னா, மூணாம் வாரத்துல மூணையும் விட்டுடுவீங்க. ராத்திரி ஒரு தடவை முழுசா, காலையில ஒரு தடவை நல்லா, மத்தியானம் ஆபீஸ்ல ரெண்டு நிமிஷம். இதுதான் நடக்கக்கூடிய கணக்கு.

ராத்திரி: மேல், கீழ்ப் பல்லுக்கு நடுவுல இழுத்து மாட்டுற ரப்பர் இருந்தா முதல்ல எல்லாத்தையும் கழட்டுங்க. வெறும் தண்ணியில பலமாக் கொப்பளிச்சுச் சோறு, கீரையை வெளியேத்துங்க. நடுவுல பள்ளம் வெட்டின ஆர்த்தோ பிரஷ்ஷை (கிளிப் போட்டவங்களுக்கானது) கம்பி மேல வெச்சு ஒரு சுத்து. அப்புறம்தான் முக்கியமான இடம்: பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கிற ரெண்டு மூணு மி.மீ. பட்டை. அழுக்கு சேர்றதும், எனாமல் கரைஞ்சு வெள்ளைப் புள்ளி விழுறதும் அங்கதான். பிரஷ்ஷை ஈறு பக்கமா 45 டிகிரி சாய்ச்சு, சின்னச் சின்ன அசைவா ஒவ்வொரு பல்லுக்கும் அஞ்சு விநாடி. அடுத்து, கீழயிருந்து மேல் நோக்கிச் சாய்ச்சு பிராக்கெட்டோட அடிப்பக்கம். கடைசியா இடைப்பல் பிரஷ்ஷை கம்பிக்கு அடியில செங்குத்தா நுழைச்சு, பிராக்கெட்டோட ரெண்டு பக்கமும் மூணு மூணு இழுப்பு. 0.6, 0.8 மி.மீ. ரெண்டு அளவும் வாங்கி எது இறுக்கமில்லாம உரசிக்கிட்டுப் போகுதுன்னு பாருங்க. அந்த பிரஷ்ஷோட கம்பி வளைஞ்சதும் தூக்கிப் போட்டுடணும், இல்லைன்னா ஈறைக் கிழிக்கும்.

பேஸ்ட்ல ஃப்ளூரைடு 1000 பிபிஎம்முக்குக் கீழ இருந்தா பிரயோஜனம் குறைவு, ட்யூப் பின்னாடி அச்சடிச்சிருக்கும். தேய்ச்ச பிறகு நுரையைத் துப்பினாப் போதும், தண்ணியால அலசி எடுத்துடாதீங்க. கூடவே 0.05% சோடியம் ஃப்ளூரைடு மவுத்வாஷ், பல் தேய்க்காத வேற நேரத்துல, மத்தியானம் சாப்பிட்ட பிறகுன்னு வெச்சுக்கோங்க, ஒரு நிமிஷம். கிருமியைக் கொல்ற மவுத்வாஷ், குளோர்ஹெக்சிடின் 0.2%, வேற சமாசாரம். ஈறு வீங்கி ரத்தம் வர்றப்போ 10 மி.லி. வீதம் ரெண்டு வாரம், அதுக்கு மேல போட்டா பல்லுல பழுப்புக் கறை. பேஸ்ட் போட்டுத் தேய்ச்ச உடனே அதைக் கொப்பளிச்சா பேஸ்ட்டோட நுரைப்பொருள் அதை முறிச்சுடும், அரை மணி நேரம் விடுங்க.

கவனக்குறைவா விட்டா நாலு வாரத்துலயே வெள்ளைப் புள்ளி ஆரம்பிச்சுடும். கிளிப் கழட்டுற அன்னிக்கு பல்லு நேரா இருந்தும் மனசு உடைஞ்சு போறது இதனாலதான், அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

வாய்ப்புண்ணுக்கு: 250 மி.லி. வெதுவெதுப்பான தண்ணியில அரை டீஸ்பூன் உப்பு, ஒரு நாளைக்கு நாலு தடவை. சாப்பிடுறதுக்கு முன்னாடி மரத்துப் போக லிக்னோகெய்ன் கலந்த ஜெல். புண்ணு பெருசா இருந்தா டாக்டர் எழுதிக் குடுக்கிற 0.1% ட்ரையம்சினோலோன் பேஸ்ட்டை ராத்திரி படுக்கிறப்போ தொட்டு வைக்கணும், தேய்க்கக் கூடாது. பிராக்கெட் உரசாத இடத்துல, நாக்குக்கு அடியிலயோ உதட்டு உள்பக்கமோ, மாத்தி மாத்திப் புண்ணு வந்தா கிளிப்பை மட்டும் குத்தம் சொல்லாம பி12, இரும்புச்சத்து ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாருங்க. சைவச் சாப்பாட்டுக்காரங்களுக்கு பி12 குறையறது சாதாரணம். ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத எந்தப் புண்ணையும் நேர்ல காட்டணும்.

இந்திராநகர்2வதுஸ்டேஜ்

வாட்டர் ஃப்ளாஸர் (பல்லிடுக்குல தண்ணி பீய்ச்சுற கருவி) வாங்கிட்டா இந்த இடைப்பல் பிரஷ் வேலையெல்லாம் மிச்சம்தானே? நாலாயிரம் ரூபா குடுத்தா நிம்மதின்னு நினைச்சேன்.

தூரிகை

மிச்சம் ஆகாதுங்க. சோத்துப் பருக்கை, கீரை நார், ஈறு ஓரத்துல தளர்ந்து கிடக்கிறது எல்லாத்தையும் தண்ணி அடிச்சு எடுத்துடும், ஈறுல ரத்தம் வர்றதும் குறையும். ஆனா பல் மேல ஒட்டியிருக்கிற பாசிப்படலம் உரசினாத்தான் போகும். பிரஷ்ஷுக்கு முன்னாடி அதைப் போடுங்க, பிரஷ்ஷுக்குப் பதிலா வேண்டாம்.

பெங்களூர்ல இன்னொரு தொந்தரவு, போர்வெல் தண்ணி. அபார்ட்மென்ட் டேங்கர், போர் தண்ணியில கடினத்தன்மை அதிகம். ரெண்டு மூணு மாசத்துல முனையில சுண்ணாம்பு கட்டி அழுத்தம் குறைஞ்சுடும், மோட்டார் போச்சுன்னு ஜனங்க தூக்கிப் போடுறாங்க. குடிக்கிற தண்ணியையே ஊத்துங்க. மாசத்துக்கு ஒரு தடவை ஒரு பங்கு வெள்ளை வினிகர், ஒன்பது பங்கு தண்ணி ஓட விட்டு, பிறகு வெறும் தண்ணி ஓட விடுங்க. அழுத்தத்தைக் கீழ்ப்படியில ஆரம்பிங்க.

சமையற்கட்டு

சாப்பாட்டுக்கு வர்றேன். டைட் பண்ணின முதல் ரெண்டு நாள் பிரச்சினை சத்து இல்ல, மெல்ல முடியாதது. இந்த ஊர்லயே அதுக்குன்னு பண்ணின மாதிரி ஒரு சாப்பாடு இருக்கு: ராகி முத்தே, அதாவது ராகிக் களி உருண்டை. அதை மெல்லுற வழக்கமே கிடையாது, சொப்பு சாறுல (கீரைக் குழம்புல) தோய்ச்சு அப்படியே முழுங்குறது. பல்லுல ஒட்டாம இருக்கணும்னா கட்டியில்லாம நல்லா வேகணும். ரெண்டு டம்ளர் தண்ணி கொதிக்கிறப்போ ஒரு ஸ்பூன் மாவைக் கரைச்சு ஊத்தி, பொங்கினதும் ஒரு டம்ளர் ராகி மாவை நடுவுல கொட்டி, கிளறாம மூடி அஞ்சு நிமிஷம் வேக விட்டு, அப்புறம் துடுப்பால அழுத்திக் கிளறணும். ஈரக் கையில ஒட்டாத பதம் வந்ததும் உருட்டுங்க. சாறுல போடுற கீரையைப் பொடிசா நறுக்கி மசிச்சுடுங்க, முழுசாப் போட்டா நார் கம்பியைச் சுத்திக்கும்.

வெளியில சாப்பிடுறவங்களுக்கு தர்ஷினியில (நின்னு சாப்பிடுற டிபன் கடையில) காரா பாத், கேசரி பாத், சாம்பார்ல ஊறின இட்லி, பொங்கல், தயிர் சாதம். வடை வேணும்னா தயிர் வடை. மத்தூர் வடை, நிப்பட்டு, கோடுபளே, முறுக்கு, தட்டை இதெல்லாம் கிளிப் கழட்டுற வரைக்கும் மறந்துடுங்க. மொறுமொறு தோசையை நடுவுல பிச்சு, ஓரத்தைச் சட்னியில ஊற வெச்சுச் சாப்பிடலாம்.

பிராக்கெட்டைக் கழட்டுறது பெரும்பாலும் நாம நினைக்காத பொருள். முருங்கைக்காயைக் கடிச்சு இழுக்கிறது, மட்டன் எலும்பு, சாதத்துல தட்டுப்படுற கல்லு, தாளிப்புல இருக்கிற வறுத்த கடலைப்பருப்பு. கடைசியில சொன்னதுதான் தினமும் நடக்கும். தாளிக்கிறப்போ கடலைப்பருப்பை விட்டுடுங்க, உளுத்தம்பருப்பு சின்னது, அவ்வளவா தொந்தரவு இல்ல. கறிவேப்பிலை, கொத்தமல்லியை அரைச்சு ஊத்துங்க. மீட்டிங்ல முன்பல்லுல பச்சையா நிக்காது. ஆப்பிள், கொய்யாவை முன்பல்லால கடிக்கவே கூடாது, மெல்லிசா சீவிக் கடைவாயில போடணும். சப்பாத்தி ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பிச்சு, குழம்புல நனைச்சு.

பசவனகுடி கடலைக்காய்த் திருவிழா சமயத்துல வேக வெச்ச கடலை சாப்பிடலாம், தோலை கையால உரிங்க, வறுத்தது வேண்டாம். டிசம்பர், ஜனவரியில அவரைக்காய் வர்றப்போ தோல் பிதுக்கின பருப்பா வாங்கினா மென்மையா இருக்கும், தோலோட இருக்கிறது பிராக்கெட்டுக்கு அடியில போய் உட்கார்ந்துக்கும்.

அல்சூர்வாசி

ரொம்ப நன்றிங்க, அப்படியே அச்சடிச்சு சமையலறையில ஒட்டலாம். மஞ்சள் கறை விஷயம் மட்டும் பாக்கி. செராமிக்குக்கு மெட்டலை விட நல்ல தொகை கூடக் கேக்கிறாங்க.

பல்சீர்மருத்துவர்

செராமிக் பிராக்கெட் மஞ்சளாகாது. மஞ்சளாவது அதன் மேல் கம்பியைப் பிடிக்கப் போடும் ஒளிபுகும் ரப்பர் வளையம். சாம்பார், பிரியாணி, பிசிபேளே பாத் எதுவானாலும் ஒரே சாப்பாட்டில் எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிடும், தேய்த்தாலும் போகாது. அடுத்த முறை வளையம் மாற்றும்வரை, அதாவது நான்கு முதல் ஆறு வாரம், அப்படியே இருக்கும்.

தீர்வு மூன்று. வெள்ளை பூசிய ஸ்டீல் கட்டுக்கம்பியால் கட்டச் சொல்லலாம். பூச்சு இடையிடையே உரியும், கறை ஏறாது. வெள்ளி அல்லது சாம்பல் நிற வளையம் கேட்கலாம். பக்கத்தில் வந்து பார்த்தால் தெரியும், ஆனால் மஞ்சள் தெரியாது. வளையமே தேவைப்படாத, தானே மூடிக்கொள்ளும் மூடி வைத்த செராமிக் பிராக்கெட் உண்டு, விலை கூடுதல். இவை எதுவும் வேண்டாமென்றால், அத்தனை வாரமும் மஞ்சளைக் குறைத்துவிட்டு அப்பாயின்ட்மென்ட்டுக்கு முந்தைய நாள் ஆசை தீரச் சாப்பிடுங்கள்.

கீழ் வரிசைக்கு செராமிக் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. செராமிக் பல் எனாமலை விடக் கடினம். மேல்பல் கீழ்ப்பல்லை ஆழமாக மூடும் கடி உள்ளவர்களுக்கு, மேல்பல்லின் பின்புறம் கீழ் செராமிக்கில் உரசித் தேயும். தேய்ந்த எனாமல் திரும்பி வளராது. பேசும்போதும் சிரிக்கும்போதும் பலருக்கு மேல் வரிசைதான் அதிகம் தெரியும். மேலே செராமிக், கீழே மெட்டல் என்று போட்டால் பணமும் மிச்சம், பல்லுக்கும் பாதுகாப்பு.

இரவுப்பணி

வெளிநாட்டு கால்ல பேசுறவங்களுக்கு ரெண்டு குறிப்பு. வெளிப்பக்க பிராக்கெட்டால உச்சரிப்பு அவ்வளவா மாறாது, ஒரு வாரத்துல சரியாகும். கடைவாய்ப்பல் மேல நீலக் கட்டி, அதான் பைட் பிளாக், வெச்சாங்கன்னா வாய் முழுசா மூடாது, ஸ, ச, ஷ கசியும். பல்லுக்கு உள்பக்கம் போடுற வகையில த, ல, ள, ழ எல்லாத்துக்கும் நாக்கு போற இடத்துலயே உலோகம் இருக்கும், மூணு நாலு வாரம் ஆகும். தினமும் பத்து நிமிஷம் உரக்கப் படிங்க, வேகத்தைக் குறைச்சு. போட்ட வாரத்துல பெரிய பிரசன்டேஷன் வெச்சுக்காதீங்க, கிளினிக் தேதியை அதுக்குத் தகுந்த மாதிரி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்குங்க. வலி உச்சத்துல இருக்கிற சனிக்கிழமை வீட்டுல இருப்பீங்க.

ரப்பர் பத்தியும் யாராவது சொல்லுங்க. எங்க டீம்ல ஒருத்தர் ராத்திரி மட்டும் மாட்டுறார், ஆறு மாசமா ஒண்ணும் நகரலை.

கம்பிக்காரன்

ராத்திரி மட்டும் மாட்டினா பகல்ல பல்லு திரும்ப வந்துடும், நகராது. முழுநேரம்னு சொல்லியிருந்தா 22 மணி நேரம், சாப்பாட்டுக்கும் பிரஷ்ஷுக்கும் மட்டும் கழட்டணும். பாக்கெட் மேல ரெண்டு எண் இருக்கும். 3/16, 1/4, 5/16 அங்குலம்னு குறுக்களவு, 3.5, 4.5, 6 அவுன்ஸுன்னு விசை. அந்த விசை, ரப்பர் தன் அளவைப் போல மூணு மடங்கு இழுபடுறப்போ கிடைக்கிறது. லேட்டெக்ஸ் எச்சில்ல ஊறினா முதல் சில மணி நேரத்துலயே தளர ஆரம்பிச்சுடும், அதனால அறுந்து போகலைன்னாலும் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை புதுசு. நேத்து மறந்துட்டோமேன்னு இன்னிக்கு ரெண்டு ரப்பர் சேர்த்து மாட்டக் கூடாது. விசை கூடினா பல்லு சீக்கிரம் நகராது, சவ்வுல ரத்த ஓட்டம் நின்னு இன்னும் தாமதமாகும், வேருக்கும் கெடுதல்.

மேல் கோரைப்பல்லுலயிருந்து கீழ் கடைவாய்ப்பல்லுக்குன்னா துருத்தின மேல் வரிசையைப் பின்னுக்கு இழுக்கிறது. கீழ் கோரைப்பல்லுலயிருந்து மேல் கடைவாய்க்குன்னா நேர்மாறு. எதுன்னு குழம்பினா மாட்டாம கேளுங்க, தலைகீழா மாட்டுறது சும்மா இருக்கிறதை விட மோசம். போன் கவருக்குப் பின்னாடி ஒரு சின்னப் பாக்கெட் இருக்கட்டும். லேட்டெக்ஸ் ஒத்துக்காதவங்களுக்கு வேற ரப்பர் இருக்கு.

ஜெயநகர்4வதுபிளாக்

ஒரே பல்லுல பிராக்கெட் மூணு தடவை கழண்டு விழுந்தா டாக்டர் சரியா ஒட்டலைன்னு அர்த்தமா? ஒவ்வொரு தடவையும் திரும்ப ஒட்ட எங்க கிளினிக்ல காசு வேற.

பல்சீர்மருத்துவர்

மூன்று முறை என்றால் காரணம் தேட வேண்டும். ஒன்று, எதிர்ப்பல் அந்தப் பிராக்கெட்டில் நேராக இடிக்கிறது. மெல்லிய நீலத் தாளைக் கடிக்க வைத்துப் பார்த்தால் புள்ளி விழும். பைட் பிளாக் வைக்காமல் எத்தனை முறை ஒட்டினாலும் விழும். இரண்டு, அந்தப் பல்லில் உறை (கேப்) அல்லது பெரிய ஃபில்லிங் இருக்கிறது. பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் பிரச்சினை இது. பீங்கான் உறையில் சாதாரண ஆசிட் பிடிக்காது. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிடும் சிலேன் திரவமும் போட்டு ஒட்ட வேண்டும், அல்லது பல்லைச் சுற்றிப் பட்டை மாட்ட வேண்டும். மூன்று, கீழ்க் கடைவாயில் ஒட்டும்போது எச்சில் பட்டுவிட்டது. இவை மூன்றும் சாப்பிட்டவர் குற்றம் அல்ல. எந்தக் காரணத்தால் விழுகிறது என்று கேட்டு, அதைச் சரிசெய்த பிறகே ஒட்டச் சொல்லுங்கள். காசு யார் தருவது என்பதைச் சிகிச்சை தொடங்கும்போதே எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

கழன்ற பிராக்கெட் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தால் வாக்ஸ் வைத்து நிறுத்தி, இரண்டு மூன்று நாளுக்குள் போங்கள். தனியாக வந்துவிட்டால் சின்ன டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடையில் வாங்கும் பசையால் ஒட்டாதீர்கள். ஈறு வெந்துவிடும், இடமும் தப்பும். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

கூடவே, போடுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டியவை: சர்க்கரை நோய் (மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 7க்குக் கீழ் இருந்தால் ஈறு தாங்கும்), எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை போடும் அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரை அல்லது ஊசி, கர்ப்பம், நிக்கல் ஒவ்வாமை, இம்ப்ளான்ட் (எலும்பில் பதித்த செயற்கைப் பல்). இம்ப்ளான்ட் எலும்போடு பிணைந்தது, ஒரு மி.மீ.கூட நகராது, திட்டமே அதைச் சுற்றித்தான் போட வேண்டும். ஈறு நோய் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம், பிறகுதான் கிளிப். தலைக்கு எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் ஸ்கேன் மையத்தில் கிளிப் இருப்பதைச் சொல்லுங்கள், படம் கலங்கும். சில சமயம் கம்பியை மட்டும் கழற்றி எடுப்போம்.

இரவுப்பணி

இந்த ஊர்ல வேலை மாறி புனே, ஹைதராபாத்னு போறவங்க நிறைய. நடுவுல மாத்துறது எப்படி?

பல்சீர்மருத்துவர்

வாங்க வேண்டியவை: தொடக்கப் புகைப்படங்கள், ஓபிஜி (முழுத் தாடை எக்ஸ்ரே), பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, பல் அச்சு அல்லது ஸ்கேன் கோப்பு, பிராக்கெட் வகையும் அதில் கம்பி உட்காரும் பள்ளத்தின் அளவும் (0.018 அல்லது 0.022 அங்குலம்), பிராக்கெட்டின் சாய்வு அமைப்பு எம்பிடியா ராத்தா என்ற விவரம், இப்போது உள்ள கம்பி, இன்னும் மீதமுள்ள வேலை, கட்டிய பணத்தின் கணக்கு. இவை இல்லாமல் போனால் புது இடத்தில் பிராக்கெட்டையே மாற்றச் சொல்லலாம். ஆறு மாதத்துக்குள் மாற்றல் வரும் என்று தெரிந்தால் மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்.

ஆர்த்தோவில் (பல் சீரமைப்பில்) எம்டிஎஸ் என்ற முதுநிலைப் பட்டம் படித்தவரா என்று கேட்பதில் தயங்க வேண்டாம், கர்நாடக மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்கலாம். செலவு கட்டுப்படாதவர்கள் விக்டோரியா மருத்துவமனையை ஒட்டிய அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ மற்றப் பல் மருத்துவக் கல்லூரிகளின் ஆர்த்தோ பிரிவிலோ விசாரிக்கலாம். முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். வேலை நாளில் காலை நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும், அதுதான் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சிரமம்.

இந்திராநகர்2வதுஸ்டேஜ்

அஞ்சாறு மாசத்துல போட்டதுக்கு முன்னாடி இருந்ததை விட அசிங்கமாத் தெரியும்னு சொல்றாங்களே, அது ஏன்? கல்யாண போட்டோவுக்காக ஒரு வாரம் கழட்டி மாட்டலாமா?

கம்பிக்காரன்

நெரிசலா இருந்த பல்லு நிமிர்றப்போ முன்பக்கம் கொஞ்சம் துருத்தும். நாலு பல்லு எடுத்திருந்தா அந்த இடைவெளி மாசத்துக்கு ஒரு மி.மீ. வீதம்தான் மூடும். ஏழு மி.மீ. இடைவெளின்னா கணக்குப் பண்ணிக்கோங்க. ஒண்ணோட ஒண்ணு ஏறியிருந்த பல்லு விலகினதும் ஈறு ஓரத்துல கருப்பு முக்கோணம் தெரியும். எலும்பு கொஞ்சம் இறங்கின பெரியவங்களுக்கு அது அதிகம். கடைசிக் கட்டத்துல பல்லோட பக்கத்தை லேசா உரசிச் சேர்த்தோ, பல் நிற ஃபில்லிங் வெச்சோ குறைப்பாங்க. இப்படி நடக்கும்னு முன்னாடியே தெரிஞ்சவங்களுக்கு பாதி மனக்கஷ்டம் இல்ல. மாசத்துக்கு ஒரு தடவை ஒரே வெளிச்சத்துல, ஒரே கோணத்துல போட்டோ எடுத்து வையுங்க. கண்ணாடியில தினமும் பார்த்தா எந்த மாத்தமும் தெரியாது.

கழட்டி மாட்டுறது வேண்டவே வேண்டாம். திரும்ப ஒட்டுற செலவு, எனாமல் மேல இன்னொரு தடவை ஆசிட், கூடவே மாசக்கணக்குல தாமதம். பல்லு எடுத்த இடைவெளி முன்னாடி தெரிஞ்சா, கம்பியில கட்டுற செயற்கைப் பல் இருக்கு, பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா உரசிச் சின்னதாக்கிக்கிட்டே வருவாங்க. மெட்டல் போட்டவங்க முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாம்பல் நிற வளையம் மாத்திக்கிட்டு, ஒரு தடவை பல் சுத்தம் பண்ணிக்கிட்டாலே போட்டோவுல பளிச்சுன்னு வரும்.

அல்சூர்வாசி

மேலே செராமிக், கீழே மெட்டல், சாம்பல் வளையம், வெள்ளிக்கிழமை சாயங்காலம். முடிவு பண்ணிட்டேன். கடைசியா ஒண்ணு: கழட்டின பிறகு ரிடெய்னரை (பல்லு பழைய இடத்துக்குத் திரும்பாம பிடிச்சு வெக்கிறது) எத்தனை நாள் போடணும்? ஆறு மாசம்னு ஒரு கிளினிக், ஆயுசுக்கும்னு இன்னொண்ணு.

பல்சீர்மருத்துவர்

முதல் ஆறு மாதம் சாப்பிடும் நேரம் தவிர எப்போதும், அதன் பிறகு இரவில் மட்டும், எத்தனை வருடம் பல் நேராக இருக்க வேண்டுமோ அத்தனை வருடம். ஈறின் மீள்நார்கள் முழுதாகச் சீரமைய ஒரு வருடம்வரை ஆகும், வயது ஏறும்போது கீழ் முன்பற்கள் கிளிப் போடாதவர்களுக்கே நெருங்கும். அதனால்தான் கீழ் வரிசைக்குப் பின்னால் ஒரு நிரந்தரக் கம்பி ஒட்டுகிறோம். பல் நூலை (ஃப்ளாஸ்) அதற்கென உள்ள பிளாஸ்டிக் ஊசியால் அதன் அடியில் நுழைத்து தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.

கிளிப் கழற்றும் அன்றே ரிடெய்னர் கையில் வருமா என்று இப்போதே கேளுங்கள். அச்சு எடுத்து நாலைந்து நாள் கழித்துத் தருவதாகச் சொன்னால், கழற்றும் தேதியை அதற்கேற்ப மாற்றச் சொல்லுங்கள்; அந்த நாலைந்து நாளில்தான் பல் வேகமாகத் திரும்பும். கண்ணாடி மாதிரி இருக்கும் ரிடெய்னரை வெந்நீரில் கழுவாதீர்கள், வெயிலில் நிறுத்திய கார் டாஷ்போர்டில் வைக்காதீர்கள், உருமாறிவிடும். குளிர்ந்த நீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கேன்டீனில் டிஷ்யூவில் சுற்றி வைத்தால் தட்டோடு குப்பைக்குப் போய்விடும், டப்பாவைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.